கிள்ளை தாண்டாத கொலைகாரர்கள்

பிரிசில்லா எழுதிய கொலைகாரர்கள் யாரும் கிள்ளை ஸ்டேஷனைத் தாண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் புதுச்சத்திரத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால் பரங்கிப்பேட்டை வரைக்கும் தாக்குப்பிடிப்பான். அவர்களைப் பிடித்துக் கொடுத்தது போலீஸ் அல்ல. மீன் கூடையைக் கதவோரம் இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை கேட்ட சின்னம்மாள். அவளுக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும்.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு அப்போது மீட்டர் கேஜ் பாதை. காலை பாசஞ்சரில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று சிதம்பரம் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரிசில்லாவுக்கு முப்பத்திரண்டு வயது. சிதம்பரம் கீழவீதியில் வக்கீல் தேவநாதனிடம் டைப்பிஸ்ட் வேலை. தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தவள். பிராது, வாக்குமூலம், நோட்டீஸ் என்று பகலெல்லாம் பிறத்தியார் சண்டையைத் தட்டச்சு செய்துவிட்டுச் சாயங்கால வண்டியில் வீடு திரும்புவாள். வீட்டில் அப்பா ஆரோக்கியராஜும் அம்மாவும் மட்டும். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் வந்ததும் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தை உருவி நாலாக மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வரி விடாமல் படிப்பார்.

இரண்டாயிரத்து நாலில் பிரிசில்லா ஒரு மர்மக் கதை எழுதிச் சென்னைக்கு அனுப்பினாள். மாதம் ஒரு நாவலும் அதன் பின்னால் ஒரு சிறுகதையும் போடுகிற பத்திரிகை அது. இரண்டு மாதம் கழித்துக் கதை திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘நடை நன்று. ஆனால் கொலையாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது.’

அந்த ஒரு வரி அவளை விடவில்லை. எப்படித் தெரிகிறது? எந்த இடத்தில் தெரிகிறது? கதையை இருபது முறை படித்துப் பார்த்தாள். முடிவு அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்பதால் எந்த இடத்தில் ஓட்டை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் முதுகைத் தானே பார்க்க முயல்வது போல இருந்தது.

அவள் ஏறும் பெண்கள் பெட்டியில் மலர்க்கொடி டீச்சர் தினமும் வருவார். பரங்கிப்பேட்டையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை, கணீரென்ற குரல். சுனாமி முடிந்து ஐந்தாறு மாதம் இருக்கும், ஒரு நாள் பிரிசில்லா தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினாள்.

“கொஞ்சம் படிச்சுப் பாக்குறீங்களா டீச்சர்?”

“நான் மட்டும் படிச்சா போதுமா? இங்க எல்லாரும் சும்மாத்தானே குந்திருக்காங்க” என்ற டீச்சர், யார் அனுமதியும் கேட்காமல் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பிரிசில்லாவுக்குக் காது மடல் சூடேறியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுனாமிக்குப் பிறகு நாலைந்து மாதம் மீன் வாங்க ஆளில்லாமல் வீட்டோடு கிடந்த சின்னம்மாள் அப்போதுதான் மறுபடி கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள். பிரிசில்லாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புதுச்சத்திரம் வந்ததும் கையைத் தட்டினாள்.

“போதும் டீச்சர், நிறுத்து. கொன்னது அந்தக் கம்பவுண்டர்.”

டீச்சர் பிரிசில்லாவைப் பார்த்தார். அவள் முகமே சொல்லிவிட்டது. பெட்டி முழுக்கச் சிரிப்பு.

அப்படி ஆரம்பித்த வழக்கம் அது. மூன்று மாதத்துக்கு ஒரு கதை, ஒரு பயணத்துக்குள் படித்து முடிக்கிற அளவு. டீச்சர் பரங்கிப்பேட்டையில் இறங்கிவிடுவதால் மிச்சத்தைப் பிரிசில்லாவே மெல்லிய குரலில் படிப்பாள். கேட்டவர்களுக்கு அவள் கதைகள் பிடித்திருந்தன. வக்கீல் ஆபீஸ் பழக்கத்தில், ஒருவனைக் கதைக்குள் கொண்டுவரும்போதே இன்ன ஊர், இன்னார் மகன், சுமார் இத்தனை வயது, இன்ன தொழில் என்று எழுதிவிடுவாள். ‘கதையா, பிராதா?’ என்று டீச்சர் கேலி செய்தாலும் மற்றவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால்தானே ஒருவனை மனசில் உட்கார வைக்க முடியும்?

ஆனால் கொலைகாரன் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிடிபட்டான்.

பிரிசில்லா தோற்றுக்கொண்டே கற்றுக்கொண்டாள். முதல் கதையில் கம்பவுண்டர் அடிக்கடி கையைப் பிசைந்தான். இரண்டாவதில் அதை எடுத்துவிட்டாள். மூன்றாவதில் சந்தேகப்படும்படியான ஒரு மைத்துனனை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தினாள். நாலாவதில் தடயத்தை ஒரு கல்யாணச் சமையல் பட்டியலுக்குள் ஒளித்தாள். ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு உடனே சிரிப்பு வரும்படி ஒன்று சொன்னால் கேட்பவர் மனசு சிரிப்போடு போய்விடும், உண்மை அங்கேயே கிடக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. டீச்சர் ஏமாந்தார். ஆலப்பாக்கத்தில் ஏறும் நர்சம்மா ஏமாந்தார். சின்னம்மாள் மட்டும் ஏமாறவில்லை.

“எப்படிடி கண்டுபுடிக்கிற?”

“மீனு நல்லதா கெட்டதான்னு எப்படிப் பாக்குறேன்னு யாருகிட்டயாவது சொல்லுவேனா? தொழில் ரகசியம்க்கா.”

“செவுளைத் தூக்கிப் பாப்ப. அது ஊருக்கே தெரியும்.”

“அப்ப உன் கதைக்கும் ஒரு செவுளு இருக்குது. நீயே தேடு” என்று சொல்லிவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆறாவது கதையில் பிரிசில்லா ஒரு பரீட்சை வைத்தாள். அதில் கொலைகாரனே கிடையாது. ஒரு மிராசுதார் மாடிப்படியில் கால் தவறி விழுந்து செத்துப்போகிறார். சொத்துக்கு ஆசைப்படும் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். யார் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டியது. சின்னம்மாள் வாயே திறக்கவில்லை. கிள்ளையில் வண்டி நின்றபோது சின்னம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

“இதுல ஆளே இல்லக்கா. அவனே உருண்டுட்டான்.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. ‘இவ குறி சொல்றவடி’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிரிசில்லாவுக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. அதிர்ஷ்டத்தில் சொல்கிறவள் இதைச் சொல்லியிருக்க முடியாது. கதைக்குள் ஏதோ ஒன்று நிஜமாகவே கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறது. சின்னம்மாளுக்குத் தெரிவது, எழுதியவளுக்குத் தெரியவில்லை.

சின்னம்மாளை ஒரு தடவையாவது ஏமாற்றாமல் சென்னைக்கு இனி ஒரு கதையும் அனுப்புவதில்லை என்று அன்றைக்கு அவள் தீர்மானம் செய்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் ஸ்டேஷனில் பேச்சு அடிபட்டது. பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள், மார்கழி வருவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவார்கள், மறுபடி ஓட வருஷக்கணக்காகும். பிரிசில்லாவும் டீச்சரும் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். மீன் கூடையை எந்தக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றுவார்?

“ரயிலு நிக்கிறதுக்குள்ள ஒரு கதையாவது என்னை ஏமாத்திக் காட்டுக்கா. இல்லன்னா கடைசி வரைக்கும் நான்தான் கெலிச்சேன்” என்றாள் சின்னம்மாள்.

அதற்கடுத்த வாரம் ஆபீசில் குமாஸ்தா கொளஞ்சியப்பன் ஒரு பிராதை அவள் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். வரப்புத் தகராறு. மூன்று பிரதிவாதிகள்.

“ஏம்மா பிரிசில்லா, மூணாவது ஆளுக்கு அப்பன் பேரு எங்க? நான் எழுதிக் கொடுத்த காகிதத்துல இருக்குதே.”

பார்த்தாள். முதல் இருவருக்கும் இன்னார் மகன் என்று சரியாக இருந்தது. மூன்றாமவன் கொளஞ்சியப்பனின் கையெழுத்தில் ‘ராமாமிர்தம் மகன் சின்னையன்’ என்றிருந்தான். அவள் தட்டச்சில் வெறும் சின்னையன். மண்வெட்டியால் வெட்டியவன் அவன்தான்.

“விட்டுப்போச்சு சார்.”

“போன மாசமும் ஒண்ணு இப்படித்தான் விட்டுப்போச்சு. அப்பன் பேரு இல்லாதவனுக்கு சம்மன் எந்த வூட்டுக்குப் போவும்? ஊர்ல பத்து சின்னையன் இருப்பான்.”

திருத்தி அடித்துக் கொடுத்தாள். அடித்து முடித்த பிறகும் கை விசைப்பலகை மேலேயே இருந்தது. எதுவோ ஒன்று கிட்டத்தில் வந்து நிற்பது போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆறு நோட்டுகளையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். தபால்காரன், முனுசாமி மகன். மைத்துனன், வைத்திலிங்கம் மகன். இரண்டே வரி வந்துபோகும் ஐஸ்காரனுக்குக்கூட அப்பன் பெயர் இருந்தது. கம்பவுண்டருக்கு இல்லை. நகை வியாபாரிக்கு இல்லை. ஐந்து கதைகளில் ஐந்து கொலைகாரர்கள், ஒருவனுக்கும் தகப்பன் இல்லை. ஆறாவது கதையில் எல்லோருக்கும் இருந்தது.

ஒரு தடவைகூட அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே தாண்டிப் போயிருக்கிறது.

ஏன் என்று தேட அவள் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. கூடத்தில் அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் நடந்த ஒரு சண்டையில் யாருக்கோ மண்டை உடைந்து, அவள் தம்பி அமலதாஸைப் பிடித்துப்போனார்கள். மறுநாள் பேப்பரில் நாலே வரிச் செய்தி. ‘முதுநகர் ஆரோக்கியராஜ் மகன் அமலதாஸ் (20)’ என்றுதான் அது ஆரம்பித்தது. பதினைந்து நாள் சப்-ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். வழக்கு சமாதானமாகி, இப்போது திருப்பூரில் வேலை, கல்யாணம், குழந்தை என்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் கோயிலில் எப்போதும் மூன்றாவது வரிசையில் உட்காரும் அப்பா, அந்த ஞாயிறிலிருந்து வாசலோரம் நின்றுகொண்டே பூசை காண்பவராக மாறிவிட்டார். இன்று வரைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

அடித்தவன் பெயரோடு அடிக்காதவர் பெயரும் சேர்ந்து அச்சாகிறது. அதை இன்னொரு தகப்பனுக்குச் செய்ய அவள் கைக்கு மனம் வரவில்லை. கற்பனைத் தகப்பனாக இருந்தால்கூட.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தாள். பழைய கதை ஒன்றை எடுத்து எல்லோருடைய அப்பன் பெயரையும் நீக்கிவிட்டாள். கதை வெளிறிப்போனது. தபால்காரன், ஐஸ்காரன், மைத்துனன் எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டம் போல ஆனார்கள். ‘யாரு எவருன்னே தெரியலையேம்மா’ என்று டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. வேறு வழியில்லை. புதிய நோட்டை எடுத்தாள். பரங்கிப்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. முதலாளி இருட்டறையில் செத்துக்கிடக்கிறார். கொன்றவன் உதவியாளன். அவன் பெயரை எழுதி, அதற்கு முன்னால் சற்று இடம் விட்டாள். அரை மணி நேரம் அந்த இடம் காலியாகவே இருந்தது. பிறகு எழுதினாள்: சுப்பராயலு மகன் கார்த்திகேசன்.

வெறும் பெயராக வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். சுப்பராயலு நகரவில்லை. தினமும் மத்தியானம் மகனுக்குச் சாப்பாட்டு கேரியரை சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். வெயிலில் வந்த களைப்பில் ஸ்டுடியோவின் அலங்கார நாற்காலியில் உட்காரப்போய், ‘அது போட்டோவுக்குப்பா’ என்று மகனிடம் திட்டு வாங்கினார். தலை நரைத்ததை மறைத்து ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கச் சொன்னார். பிரிசில்லா எழுதிக்கொண்டே சிரித்தாள். அதற்கப்புறம், முடிவு ஞாபகத்துக்கு வந்து, பேனாவை வைத்துவிட்டாள். இவருடைய மகன்தான் கொல்லப் போகிறான். இவருக்குத் தெரியாது. அது தனக்குத் தெரிந்திருந்தும் எழுதுவதுதான் இந்தத் தொழில் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. தடயத்தை ஒளிப்பது கை வேலை. கொலை செய்யப்போகிறவனையும் மற்றவர்களைப் போலவே ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு போட்டு அனுப்பிவைப்பதுதான் கஷ்டம்.

வண்டி நிற்பதற்கு முந்தைய நாள், கூட்டம் அதிகம். கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று வந்தவர்களே பாதிப் பேர். டீச்சர் அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். அவரே படித்தார். புதுச்சத்திரம் போனது. சின்னம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். சுப்பராயலு அலங்கார நாற்காலியில் உட்காரும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரங்கிப்பேட்டை போனது.

“சொல்லுடி குறிகாரி” என்று யாரோ சீண்டினார்கள்.

“இரு இரு. அவசரப்படுத்தாத.”

கிள்ளை வந்தது. வண்டி கிளம்பும்போது சொன்னாள்.

“அந்த மச்சான்காரன். முதலாளியோட மச்சான்.”

பிரிசில்லா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மிச்சப் பக்கங்களை நிதானமாகப் படித்தார். கார்த்திகேசன் கையில் விலங்கு மாட்டும் வரியோடு கதை முடிந்தது. பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி சின்னம்மாளின் தலையில் குட்டினாள்.

சின்னம்மாள் பிரிசில்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவனுக்கு அப்பன் இருந்தான்க்கா. அதான் உட்டுட்டேன்.”

“தெரியும். செவுளு அதுதானே?”

“கண்டுபுடிச்சிட்டியா?” என்று கேட்டவள் சிரிக்கவில்லை. சிதம்பரம் வந்துவிட்டது. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கதவருகே போனவள் திரும்பிக் கேட்டாள்.

“அந்த அப்பன் அப்புறம் இன்னா ஆனான்?”

கூட்டம் அவளை இறக்கிக்கொண்டு போய்விட்டது.

ஜெயித்தாயிற்று. கதையை அன்றே தட்டச்சு செய்து தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி வந்து குறுக்கே நின்றது. குற்றவாளி பிடிபட்டதும் மர்மக் கதை முடிந்துவிடும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். மூன்று வாரம் கழித்துக் கடைசியில் அரைப் பக்கம் சேர்த்து அனுப்பினாள்.

இரண்டாயிரத்து ஏழு வைகாசியில் கதை வந்தது. அச்சான பிரதியை அப்பா கையில் கொடுத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். வெளியே வந்து பார்த்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். புத்தகம் கடைசிப் பக்கத்தில் திறந்திருந்தது.

“அன்னிக்கு சப்-ஜெயிலுக்கு உங்கம்மாதான் போனா” என்றார். “நான் போவல.”

“தெரியும்ப்பா.”

அவர் தலையை ஆட்டினார்.

சின்னம்மாளைத் தேடி அவள் ஒரு தடவை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். பரங்கிப்பேட்டைப் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் விசாரிக்கக் கூச்சம். பஸ்ஸில் போய்வந்தாள், எழுதினாள். இன்னும் நாலு கதைகள் அச்சாகின. ஒவ்வொன்றிலும் கொலைகாரனுக்கு அப்பனோ அம்மாவோ இருந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பத்து சித்திரையில் அகலப் பாதையில் ரயில் விட்டார்கள். பிரிசில்லா பழைய பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு முதல் நாளிலிருந்து பெண்கள் பெட்டியில் ஏறினாள். பன்னிரண்டாம் நாள், வண்டி முதுநகரை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் ஒரு மீன் கூடை முதலில் உள்ளே வந்தது. அதன் பின்னால் சின்னம்மாள். மீனெடுக்க மறுபடி முதுநகருக்கு வர ஆரம்பித்திருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், இடுப்பில் ஒரு செல்போன்.

நலம் விசாரிக்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு நேராகக் கேட்டாள்.

“அந்த அப்பன் இன்னா ஆனான்க்கா?”

பிரிசில்லா புத்தகத்தை எடுத்தாள். கடைசி அரைப் பக்கத்தைப் படித்தாள். மறுநாள் மத்தியானம் சுப்பராயலு வழக்கம் போலக் கேரியரைக் கழுவிச் சோறு போட்டு சைக்கிளில் மாட்டுகிறார். ஸ்டுடியோவைத் தாண்டிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறங்குகிறார். ‘யாருய்யா நீ?’ என்று பாராக்காரர் கேட்கிறார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ‘சுப்பராயலு. கார்த்திகேசனோட அப்பன்’ என்று சொல்லிக் கேரியரை நீட்டுகிறார்.

சின்னம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கம் வந்து போனது.

“சாப்புட்டானா?”

“அதை எழுதல.”

“சாப்புட்டிருப்பான்” என்றாள் சின்னம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “சரி, புதுசு இன்னா வெச்சிருக்க? எடு. இப்ப வண்டி பறக்குது, கிள்ளைக்குள்ள நான் ஆளைப் புடிக்கணும்.”